தாயார் கட்சி, பெருமாள் கட்சி

எங்கள் நாடகக் கலைஞர் சங்கத்தில் மலர் போடுகிறார்கள். மலர் என்றால் முதல் பாதி வாழ்த்துச் செய்தி, பின் பாதி ஜவுளிக்கடை விளம்பரம். நடுவில் மிஞ்சுகிற இடத்தில் எங்களைப் போன்ற ரிட்டையர்டு ஆசாமிகளின் அனுபவம். சங்கச் செயலாளர் போனில் கூப்பிட்டார். "சார், நகைச்சுவையும் ஆன்மிகமும்னு ஒரு கட்டுரை குடுங்க. குடும்பமும் கொஞ்சம் வரட்டும். பாசிட்டிவா இருந்தா நல்லது" என்றார்.

அவர் கேட்டதில் தப்பில்லை. இந்தக் காலத்தில் நகைச்சுவை நடிகனுக்கு அறுபது வயது முடிந்ததும் கடவுள் தென்பட ஆரம்பித்துவிடுகிறார். நாற்பது வருஷம் மாமியாரையும் வழுக்கைத் தலையையும் வைத்துப் பிழைத்தவர், ஒரு நாள் காலையில் சால்வையைப் போர்த்திக்கொண்டு டிவியில் உட்கார்ந்து "சிரிப்பே தியானம்" என்கிறார். எதிரில் இருப்பவர்கள் கண்ணை மூடிக்கொள்கிறார்கள். அவர் நாடகம் போட்ட காலத்திலும் சில பேர் கண்ணை மூடிக்கொண்டுதான் இருந்தார்கள், அது வேறு காரணம்.

எனக்கு அந்தப் பாக்கியம் கிடைக்கவில்லை. எனக்கு ஆன்மிகம் முதலிலேயே வந்துவிட்டது. பிழைப்புதான் அதிலிருந்து திருடியது. எப்படித் திருடினேன், எப்போது பிடிபட்டேன் என்பதை மட்டும் எழுதுகிறேன். பாசிட்டிவாக இருக்கிறதா என்று செயலாளர் பார்த்துக்கொள்ளட்டும்.

திருவள்ளூரில் எல்லோருக்கும் தெரிந்த பெரிய கோயில் ஒன்று உண்டு. நான் சொல்வது அது அல்ல. ஊரின் ஓரத்தில், வெளியூர்க்காரர் யாரும் வழி கேட்டு வராத சின்னப் பெருமாள் கோயில். அப்பா அங்கே மடப்பள்ளியில் தளிகை பண்ணுகிறவர், பெருமாளுக்குச் சமையல்காரர். வருஷத்தில் முந்நூற்று அறுபத்து நாலு நாள் அவர் பேசி நான் கேட்டதில்லை. வீட்டில் உப்பு வேண்டுமென்றாலும் கையைத்தான் காட்டுவார். மிச்சமுள்ள ஒரே ஒரு நாள், பங்குனி உற்சவத்தில் மட்டையடி நடக்கிற அன்று, அவர் ஊர் முழுக்கக் கேட்கும்படி பேசுவார்.

மட்டையடி என்பது தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பெருமாள் தாயாரிடம் சொல்லாமல் ஊர் சுற்றப் போய்விட்டு மறுநாள் காலையில் பல்லக்கில் திரும்பி வருவார். தாயார் சன்னிதிக் கதவு படாரென்று சாத்தப்படும். வெளியே பெருமாள் கட்சி, உள்ளே தாயார் கட்சி. பெருமாளுக்காகப் பட்டர் பேசுவார், தாயாருக்காகக் கதவுக்கு வெளியே நின்றபடி எங்கள் அப்பா. "திருமார்பில் மாலை கசங்கியிருப்பது ஏன்?" என்று அப்பாவின் கேள்வி வரும். "வீதியில் காற்று பலமாக அடித்தது" என்று பட்டர் சமாதானம் சொல்வார். "திருக்கண்கள் சிவந்திருப்பது ஏன்?" "பக்தர்களைக் காக்கக் கண் விழித்திருந்தோம்." உள்ளேயிருந்து பூப்பந்தும் வெண்ணெயும் பறக்கும். பல்லக்கு பின்னால் போகும், மறுபடி முன்னால் வரும். மூன்று தரம் கதவு சாத்தி, மூன்றாவது தரம் திறப்பார்கள்.

கேள்வியும் பதிலும் எல்லோருக்கும் மனப்பாடம். ஆனாலும் அப்பா கேட்கும்போது ஜனங்கள் வயிறு குலுங்கச் சிரிப்பார்கள். பட்டர் ஒரு சாக்கைச் சொன்னதும் அப்பா உடனே பதில் பேச மாட்டார். உத்தரீயத்தை எடுத்துத் தோளில் சரியாகப் போட்டுக்கொள்வார். அந்த இரண்டு மூச்சு நேரத்தில், பெருமாள் சொன்னது பொய் என்று பல்லக்குத் தூக்குகிறவர்களுக்கே புரிந்துவிடும். பிறகுதான் அடுத்த கேள்வி. கோயிலுக்குள், கடவுளை நிற்க வைத்து, பொய் சொல்ல விட்டுச் சிரிக்கிறார்கள், யாருக்கும் பாவம் வருவதில்லை என்று சின்ன வயதிலேயே பார்த்துவிட்டேன். இது அங்கீகரிக்கப்பட்ட தொழில் என்று முடிவு செய்தேன். அப்பாவின் அபிப்பிராயம் வேறு என்பது பின்னால் தெரிந்தது.

பள்ளிக்கூடம், டைப்ரைட்டிங், ஒரு வக்கீலிடம் குமாஸ்தா வேலை, அதை விட்டு ஓடியது எல்லாவற்றையும் இந்த ஒரு வரியிலேயே முடித்துவிடுகிறேன். அறுபதுகளின் தொடக்கத்தில் நாயுடு கம்பெனியில் கோமாளியாகச் சேர்ந்தேன். வீட்டில் அப்பா சொன்னது ஒரே வாக்கியம். "மூஞ்சியில பவுடரோட மடப்பள்ளி வாசல் மிதிக்கப்படாது."

நாயுடு ஆரம்பாக்கம் பக்கத்து மனிதர். கறுப்பு, குட்டை, இடது காதில் கடுக்கன். நாடகக் கம்பெனி முதலாளிகள் நாடகத்தைப் பார்ப்பார்கள். அவர் ஒரு நாள்கூடப் பார்த்ததில்லை. மேடைக்குக் கீழே ஓரமாக ஒரு முக்காலி போட்டு, மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஜனங்களைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். நாங்கள் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருப்போம், அவர் ஒவ்வொரு மூஞ்சியாகப் பார்த்துக்கொண்டு போவார். ஆட்டம் முடிந்ததும் கூப்பிடுவார்.

"தூணாண்ட ஒருத்தன் குந்திக்கினு இருந்தான், பச்ச சட்ட. கடைசி வரிக்கும் வாயே தொறக்கல. அவன் ஊட்ல இன்னா பேஜாரோ. அவனுக்கு நீ இன்னா குடுத்த?"

"எல்லாரும் சிரிச்சாங்களே, நைனா."

"எல்லாரும் சிரிக்கிறதுக்கு நீ எதுக்கு? ஒருத்தன் வழுக்கி உய்ந்தாலே எல்லாரும் சிரிப்பான்."

அவர் கற்றுக்கொடுத்த முறை இரண்டு. ஒன்று விசாரணை. எந்த ஊரில் ஆட்டமோ அந்த ஊருக்குக் கோமாளி மட்டும் காலையிலேயே போய்விட வேண்டும். டீக்கடையில் உட்கார்ந்து மூன்று விஷயம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். இந்த ஊரில் எல்லோரும் பயப்படுகிற ஆள் யார், எப்போதும் தாமதமாக வருகிற பஸ் எது, வாயில் வைக்க முடியாத சாப்பாடு எங்கே கிடைக்கிறது. மாலையில் மேடையில் அந்த மூன்றையும் சொன்னால் ஊர் உன்னுடையது. வசனம் எழுதுகிறவரைவிட டீக்கடைக்காரர்தான் எனக்கு அதிகம் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

இரண்டாவது முறை நிறுத்துவது. சிரிப்பு ஏறும்போது அடுத்த வசனத்தைப் பேசக் கூடாது. முழுக்க இறங்கிய பிறகும் பேசக் கூடாது, ஆறிப்போய்விடும். பாதி இறங்கி வரும்போது பிடிக்க வேண்டும். மற்ற கோமாளிகளுக்கு இது வர ஐந்தாறு வருஷம் பிடித்தது. எனக்கு முதல் நாளே வந்தது. லுங்கியை அவிழ்த்து இழுத்துக் கட்டுவேன், அந்த நேரம் கணக்காக இருக்கும். அப்பா உத்தரீயம் போடுகிற நேரம் அது. நாயுடு முதுகைக் காட்டியபடியே, "யார்கிட்ட கத்துகின?" என்று கேட்டார். நானே கண்டுபிடித்தது என்றேன். கலைஞன் சொல்கிற முதல் பொய் எப்போதும் இதுதான்.

கல்யாணம் ஆயிற்று. பத்மா பூண்டிப் பக்கத்துப் பெண். கோமாளிக்குப் பெண் கொடுக்க யாரும் வரவில்லை, மடப்பள்ளி ஸ்வாமியின் பிள்ளை என்று சொல்லித்தான் ஜாதகம் வாங்கினார்கள். வந்த புதிதில் அவள் நிறையச் சிரிப்பாள். எனக்கு முன்னால் அல்ல, அப்பாவிடம் பேசிக்கொண்டிருக்கும்போது. அவரும் அவளோடு மட்டும் நாலு வார்த்தை பேசுவார். நான் உள்ளே வந்தால் இரண்டு பேரும் நிறுத்திவிடுவார்கள்.

ஆட்டம் முடிந்தால் கைதட்டின ஊரை விட்டு நான் லேசில் கிளம்ப மாட்டேன். காலையில் டீக்கடையில் நாலு பேர், "நேத்து நீ தானபா அது" என்று கேட்க வேண்டும். அதற்காக ஒரு நாள் தங்குவேன், அது இரண்டாகும். வீட்டுக்கு வந்து சாக்குச் சொல்வேன். ஊத்துக்கோட்டையில் ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது என்பேன். பெரியபாளையத்தில் பஸ் பஞ்சர் என்பேன். மழையே பெய்யாத வருஷத்தில் நான் சொன்ன வெள்ளத்துக்கு ஒரு அணையே கட்டியிருக்கலாம். பத்மா எதிர்க்கேள்வி கேட்க மாட்டாள். தட்டை எடுத்து வைப்பாள்.

அடுத்ததைச் சுருக்கமாகத்தான் சொல்ல முடியும். எங்களுக்கு முதலில் ஒரு பையன் பிறந்தான். நான் சூளூர்ப்பேட்டைப் பக்கம் கேம்ப்பில் இருந்தேன். பிறந்த தந்தி வந்தது. எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்தேன். மேடையிலேயே அறிவித்துக் கைதட்டல் வாங்கினேன். கேம்ப் முடிய இன்னும் கொஞ்ச நாள்தான், முடித்துவிட்டே போகலாம் என்று தீர்மானித்தது நாயுடு அல்ல, நான்தான். பதினோராம் நாள் இரண்டாவது தந்தி வந்தது. நான் வந்து சேர்ந்தபோது தூளியைக்கூட அவிழ்த்துவிட்டிருந்தார்கள். பத்மா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு, அழுதுகொண்டே என்னிடம் ஒரு வாக்கியம் சொன்னாள். சின்ன வாக்கியம். கடைசி வார்த்தையில் திரும்புகிற வாக்கியம். அந்த நேரத்திலும் என் தொழில் புத்தி அந்தக் கடைசி வார்த்தையைக் கையில் எடுத்து எடை போட்டுப் பார்த்தது. இதைவிடக் கேவலமாக நான் எதையும் செய்ததில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன், கும்மிடிப்பூண்டி வரும்வரை.

எழுபதுகளில் கும்மிடிப்பூண்டிப் பக்கம் வயல்களை வாங்கித் தொழிற்சாலை கட்ட ஆரம்பித்தார்கள். ஷெட்டுக்குக் கூரை போடுவதற்கு முன்பே ஆயுத பூஜைக்கு நாடகம் போட்டார்கள். ஒரு இரும்புத் தொழிற்சாலையில் எங்களைக் கூப்பிட்டார்கள். நான் வழக்கம்போல் காலையிலேயே விசாரணைக்குப் போனேன். கேட்டிலேயே ஒரு அதிகாரி என்னை நிறுத்தி, டைப் அடித்த தாள் ஒன்றைக் கொடுத்தார். மேனேஜர், ஃபோர்மேன், கான்டீன், போனஸ், யூனியன், ஓவர்டைம், மெஷின், இவை பற்றிய நகைச்சுவை கூடாது.

"மிச்சம் என்ன சார் இருக்கு?" என்று கேட்டேன்.

"பொதுவா குடும்பத்தைப் பத்திப் பண்ணுங்க. அதுல யாருக்கும் பிரச்சனை வராது" என்றார்.

நாயுடுவிடம் தாளைக் காட்டினேன். அவர் வாங்கிப் பார்த்துவிட்டு அதிலேயே வெற்றிலைக்குச் சுண்ணாம்பு மடித்துக்கொண்டார். "உன் ஊட்டையே எடு, நைனா. ஊடு எல்லாருக்கும் கீது" என்றார்.

எடுத்தேன். ஒரு பழைய கதவை மேடை நடுவில் நிறுத்தினோம். இரண்டாம் ஷிப்டு முடித்துவிட்டு எங்கேயோ சுற்றிவிட்டு மறுநாள் காலையில் வருகிற தொழிலாளி வெளியே. கதவைச் சாத்திக்கொண்ட பெண்டாட்டி உள்ளே, அவளுக்காக வாதாடுகிற மாமனார் பக்கத்தில். இரண்டு பக்கமும் நானே ஓடி ஓடி நின்று பேசினேன். கேள்விகள் அப்பாவுடையவை. ராகம் அப்பாவுடையது. உத்தரீயத்துக்குப் பதில் ஒரு அழுக்குத் துண்டு. சாக்குகள் என் சொந்தச் சரக்கு, ஊத்துக்கோட்டை வெள்ளம் உட்பட. ஷெட் அதிர்ந்தது. மேஸ்திரி ஒருவர் மூச்சு முட்டி வெளியே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார்.

முடிக்க ஒரு பெரிய வசனம் வேண்டியிருந்தது. ஜனங்கள் காத்துக்கொண்டிருந்தார்கள். என்னிடம் ஒன்று இருந்தது. குழந்தையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கோழிக்குஞ்சை வைத்தேன். பெண்டாட்டி ஆசையாக வாங்கிய கோழிக்குஞ்சு, புருஷன் வருவதற்குள் செத்துப்போய்விடுகிறது. பத்மாவின் வாக்கியத்தை அப்படியே சொன்னேன். பதினோரு நாள் என்பதைக்கூட மாற்றவில்லை, வாயில் நன்றாக உட்கார்ந்தது. அவ்வளவு பெரிய சிரிப்பை அதற்கு முன்னும் பின்னும் நான் வாங்கியதில்லை.

அன்றைக்குச் சிறப்பு விருந்தினர் எங்கள் கோயில் தர்மகர்த்தா. ரைஸ் மில்காரர். அந்தத் தொழிற்சாலை நிற்கிற நிலம் அவர் விற்றது, அதனால் மாலை. முதல் வரிசையில் மனைவியோடு உட்கார்ந்து, துண்டால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். என் கையைப் பிடித்துக் குலுக்கி, "நம்ம ஊரு புள்ள" என்று மேனேஜரிடம் சொன்னார். காரில் திரும்பிப் போகும்போது டிரைவர், "இது நம்ம கோயில் மட்டையடி இல்லீங்களா?" என்று கேட்டானாம். அதுவரை தான் புண்பட்டிருப்பது தர்மகர்த்தாவுக்குத் தெரியவில்லை.

நான் வழக்கம்போல் அங்கேயே தங்கிவிட்டேன். தர்மகர்த்தா அன்றைக்கே ஊர் போய்ச் சேர்ந்துவிட்டார். விடிந்ததும் கோயிலுக்கு வந்து அப்பாவை மடப்பள்ளி வாசலிலேயே நிறுத்தினார்.

"சாமி, உங்க புள்ள பேக்டரில கோயில சந்திக்கி இஸ்துட்டான். நாலு பேர் என்னை இன்னா கேப்பான்? இந்த வருசம் தாயார் பக்கம் நீங்க பேசவாணாம். வேற ஆள் பேசட்டும்."

அப்பா "சரி" என்று சொல்லிவிட்டு உலையைப் பார்க்க உள்ளே போய்விட்டாராம். வருஷத்துக்கு ஒரு நாள் பேசுகிற மனிதர். அந்த ஒரு நாளையும் நான் தின்றுவிட்டேன்.

அதே நேரத்தில் தர்மகர்த்தாவின் மனைவி, தீர்த்தம் வாங்க வந்த பத்மாவிடம், "உன் ஊட்டுக்காரரு நேத்து கோயிக்குஞ்சு கத சொன்னாரு பாரு" என்று ஆரம்பித்து, கடைசி வசனம் வரைக்கும் சிரித்துச் சிரித்துச் சொல்லியிருக்கிறாள். அவள்மேல் தப்பில்லை. நல்ல ரசிகை, ஒரு வார்த்தை மாறாமல் சொல்லியிருக்கிறாள்.

ஒன்பது மணி சுமாருக்கு நான் வந்தேன். கதவு சாத்தியிருந்தது. எதிர் வீட்டுப் பெண்கள் கோலம் போட்ட இடத்திலேயே நின்றார்கள். தட்டினேன்.

"பத்மா, பெரியபாளையத்துல பஸ்..." என்று ஆரம்பித்தேன்.

"அது வேண்டாம்" என்றாள் உள்ளேயிருந்து. குரலில் கோபமே இல்லை. "நேத்திக்குச் சொன்னதைச் சொல்லுங்கோ. எல்லாரும் சிரிச்சாளாமே. நானும் கேக்கறேன்."

"உள்ள வந்து சொல்றேன்."

"கதவு சாத்தினாத்தானே அந்த டிராமா? இதோ சாத்தியிருக்கு. சொல்லுங்கோ."

சொன்னேன். வேறு என்ன செய்வது. தெருவில் நின்றுகொண்டு, மாலை கசங்கியது ஏன் என்பதிலிருந்து சொல்லிக்கொண்டு போனேன். லுங்கியை இழுத்துக் கட்டும் இடத்தில் வேட்டியை இழுத்துக் கட்டினேன், பழக்கதோஷம். யாரும் சிரிக்கவில்லை. கோழிக்குஞ்சு வந்தது. செத்தது. கடைசி வசனத்தின் முன்னால் நின்றுவிட்டேன்.

"அடுத்தது?" என்றாள்.

இத்தனை வருஷ மேடையில் எனக்கு வசனம் மறந்ததே இல்லை. அன்றைக்கும் மறக்கவில்லை. வாய்தான் வரவில்லை.

அப்போது அப்பா பிரசாதத் தூக்குடன் வந்தார். என் பின்னால் கொஞ்ச நேரம் நின்றார். என்னைத் தாண்டிப் போய்க் கதவில் விரலால் தட்டி, "குழந்தே, நான்தான்" என்றார். கதவு ஒரு ஆள் நுழையும் அளவு திறந்தது. அவர் உள்ளே போனார். கதவு சாத்தப்பட்டது. உள்ளேயிருந்து அவர் என்னை ஏதாவது ஒரு கேள்வி கேட்பார் என்று நின்றேன். கேட்கவில்லை. மத்தியானம் என் டிரங்குப் பெட்டியையும் நாயுடுவின் ஆளிடம் வீட்டிலிருந்து கொடுத்தனுப்பிவிட்டார்கள்.

ஸ்டேஷன் பக்கத்தில் நாயுடு சாமான் போட்டு வைக்கிற கொட்டகையில், அட்டைக் கிரீடங்களுக்கு நடுவில் குடியேறினேன். நாயுடு எனக்கு ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. நேரே தர்மகர்த்தாவின் ரைஸ் மில்லுக்குப் போனார். நானும் கூடப் போனேன்.

"ஐயா, அன்னிக்கி நீங்க சிரிச்சீங்க" என்றார் நாயுடு.

"நான் எங்கயா சிரிச்சேன்?"

"நான் பாத்துக்கினே இருந்தேன், ஐயா. நமக்கு அதான் வேல. அஞ்சு தபா. மூணாவது தபா துண்ட எடுத்தீங்க. அஞ்சாவது தபா பக்கத்துல மேனேஜர் தோள புடிச்சிக்கினீங்க. எந்தெந்த இடம்னு சொல்லட்டா?"

தர்மகர்த்தா தவிட்டு மூட்டைகளைப் பார்த்தார். "அது மரியாதைக்குச் சிரிச்சது. முடிவு முடிவுதான்" என்றார். வெளியே வந்ததும் நாயுடு, "மரியாதைக்குச் சிரிக்கிறவன் துண்டு எடுக்க மாட்டான்" என்று மட்டும் சொன்னார்.

பங்குனி வந்தது. மட்டையடி அன்று காலை கோயிலுக்குப் போய்ப் பல்லக்கின் பின்னால் நின்றேன். நாயுடுவும் வந்தார். பெருமாளை ஒரு கும்பிடு போட்டுவிட்டு, அவருக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று ஜனங்களைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். ஒரு மாமி அவரைத் திருப்பி நிறுத்தினாள். அவர் மறுபடியும் திரும்பிக்கொண்டார்.

தாயார் கட்சிக்குக் கோயில் கணக்குப்பிள்ளையை நியமித்திருந்தார்கள். அவர் ஒரு நோட்டைப் பிடித்துக்கொண்டு ரேஷன் கடையில் பெயர் வாசிப்பதுபோல் வாசித்தார். மாலை ஏன் கசங்கிற்று, கண் ஏன் சிவந்தது, அடுத்து. பட்டர் பாதி பதில் சொல்வதற்குள் அடுத்த கேள்வி வந்துவிட்டது. முதல் தரம் கதவு சாத்தினார்கள், யாரும் அசையவில்லை. இரண்டாம் தரம் சாத்தியபோது பின்னால் சிலர் பிரசாத வரிசைக்கே போய்விட்டார்கள். பெருமாளைப் பார்க்கவே பாவமாக இருந்தது, இவ்வளவு சுலபமாக அவரை யாரும் மன்னித்ததில்லை. மூன்றாம் தரம் கதவு சாத்தியதும் கணக்குப்பிள்ளைக்கு நோட்டில் இரண்டு பக்கம் வெண்ணெயில் ஒட்டிக்கொண்டது. அவர் பிரிக்கப் பார்த்தார்.

பெண்கள் நின்ற பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. "போன இடத்துல நம்மாத்து விஷயத்தைச் சொல்லி ஊரைச் சிரிக்க வெச்சது ஏன்னு கேளுங்கோ."

பத்மா.

தர்மகர்த்தா, "யாரது?" என்று எழுந்தார். அதற்குள் மடப்பள்ளி வாசலில் அப்பா வந்து நின்றுவிட்டார். ஈர வேட்டி, கையில் கரண்டி. அதை நிலைப்படியில் வைத்தார். உத்தரீயத்தை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். அந்த இரண்டு மூச்சு நேரத்தில் பிரசாத வரிசைக்குப் போனவர்கள் திரும்பி வந்துவிட்டார்கள்.

"நம் அகத்து அழுகையை எடுத்துப்போய், அந்நியர் சபையில் வேடிக்கையாக வைத்தது என்ன நியாயம்? தேவரீர் பதில் சொல்ல வேண்டும்" என்றார்.

பட்டர் திகைத்துப்போனார். வாசகத்தில் இல்லாத கேள்வி. காற்று அடித்தது, குதிரை மிரண்டது, மோதிரம் தொலைந்தது, எதுவும் இதற்குப் பொருந்தவில்லை. பெருமாளைப் பார்த்தார். பிறகு கழுத்தைத் திருப்பி என்னைப் பார்த்தார். மெதுவாக எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நாயுடு மட்டும் அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பதில் இல்லை" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "காற்று அடிக்கவில்லை. வெள்ளம் வரவில்லை. கைதட்டல் வேண்டியிருந்தது, எடுத்துச் சொல்லிவிட்டேன். செய்தது தப்பு. வெளியிலேயே நிற்கிறேன்."

அப்பா உடனே பேசவில்லை. அவர் அன்றைக்கு நிறுத்திய நிறுத்தத்தை நான் ஆயுசு முழுக்க முயன்றும் மேடையில் கொண்டுவர முடியவில்லை. பல்லக்குத் தூக்கியவர்களின் தோள் வலித்திருக்கும், ஒருவரும் அசையவில்லை.

"இத்தனை வருஷத்தில் இன்னிக்குத்தான் பொய் சொல்லாமல் வந்திருக்கார்" என்றார் கதவைப் பார்த்து. "திறங்கோ."

முதலில் பட்டர் சிரித்தார். அவரிடமிருந்து பிரகாரம் முழுக்கப் பரவியது. கும்மிடிப்பூண்டியில் நான் வாங்கிய சிரிப்பெல்லாம் இதற்கு முன்னால் நிற்காது. கதவு திறந்தது, பெருமாள் உள்ளே போனார். எனக்குக் கண்ணீர் வழிந்தது, துடைக்கக் கையில் துண்டு இல்லை.

நாயுடு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். "தர்மகர்த்தா சிரிச்சிட்டாரு. ஊரே பாத்திருச்சி. இனிமே உங்கப்பாவ ஒண்ணும் சொல்ல முடியாது" என்றார்.

"பத்மா?"

"எல்லாரும் சிரிச்சாங்க, நைனா. உன் சம்சாரம் சிரிக்கல."

வீட்டுக்கு ஓடினேன். எனக்கு முன்னாலேயே வந்து கதவைச் சாத்தியிருந்தாள். தட்டினேன். இந்தத் தரம் சாக்கு எதையும் ஆரம்பிக்கவில்லை. உள்ளேயிருந்து சொன்னாள். "பெருமாளுக்கு மூணு தரம். உங்களுக்கு இது முதல் தரம்தான்."

மூன்றாம் தரம் திறந்தது. அதற்கு ஆனி மாதம் ஆகிவிட்டது.

அப்பா அதற்குப் பிறகு ஐந்து பங்குனி தாயாருக்காகப் பேசினார். அந்தக் கேள்வியையும் விடாமல் கேட்டார். பட்டர் "பதில் இல்லை" என்று சொல்லவும் பழகிவிட்டார். இப்போது அது எங்கள் கோயிலில் சம்பிரதாயம். இரண்டு வருஷம் முன்னால் ஒரு உபன்யாசகர் வந்து, அகத்து அழுகை என்பது ஜீவாத்மாவின் தாபம், அந்நியர் சபை என்பது சம்சாரம் என்று ஒன்றரை மணி நேரம் விளக்கினார். பத்மா முதல் வரிசையில் உட்கார்ந்து கேட்டாள். கும்மிடிப்பூண்டி என்பது என்ன என்று கேட்கலாமா என்று என் காதில் கேட்டாள். வேண்டாம் என்றேன்.

நான் அதன் பிறகும் இருபது வருஷம் கோமாளியாக இருந்தேன். திருந்தினவன் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். மேனேஜரையும் பஸ்ஸையும் கான்டீனையும் ஒரு கை பார்த்தேன், தடை இருந்த இடத்தில் இன்னும் நன்றாகவே பார்த்தேன். வீட்டைப் பற்றிப் பேச வேண்டி வந்தால் மட்டும் பத்மாவிடம் கேட்டுக்கொண்டு பேசினேன். பெரும்பாலும் கூடாது என்பாள்.

இதுவரை எழுதிய கட்டுரையையும் அவளிடம் படித்துக் காட்டிவிட்டுத்தான் அனுப்பினேன். நேற்று செயலாளர் போன் செய்தார். பாசிட்டிவாக இருக்கிறதாம். ஒரே ஒரு குறை. "சார், மேடம் அன்னிக்கு வாசல்ல சொன்ன அந்த வசனம் என்னன்னு போடவே இல்லையே? படிக்கிறவங்க கேப்பாங்க சார்."

போனைப் பத்மாவிடம் கொடுத்தேன். கேட்டுக்கொண்டாள்.

"அது என் வசனம்" என்றாள். "நான் மேடை ஏறினா சொல்றேன்."

போனை என்னிடம் திருப்பிக் கொடுக்காமல் வைத்துவிட்டாள்.